லங்காஸ்டர் இரவுகள்: காற்றின் கணக்கு தவறினால்

இரண்டாம் உலகப் போரில், இன்றிரவு இலக்கு எந்த ஊர் என்று விமானக் குழுக்களுக்கு அறிவிக்கும் முன்பே, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் விமானத் தளங்களில் இருந்த தரைப் பணியாளர்கள் அதை ஓரளவு ஊகித்துவிடுவார்கள். எத்தனை காலன் பெட்ரோல் ஊற்றச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் ஒவ்வொரு இறக்கையிலும் மூன்று தொட்டிகள். உடலை ஒட்டியது 580 காலன், இரண்டு இன்ஜின்களுக்கு நடுவே உள்ளது 383, நுனிப்பக்கம் 114. இரண்டு இறக்கையும் சேர்த்து 2,154 பிரிட்டிஷ் காலன், அதாவது ஏறத்தாழ 9,800 லிட்டர். தொட்டிகளில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பச் சொன்னால் பெரும்பாலும் மேற்கு ஜெர்மனியின் ரூர் தொழில்வட்டாரம். முழுக்க நிரப்பச் சொன்னால் பெர்லின், நியூரம்பெர்க், மியூனிக் போல எங்கோ தொலைவில். முழுத் தொட்டிப் பெட்ரோலின் எடை மட்டும் 7 டன். விமானம் தூக்கக்கூடிய மொத்த எடைக்கு வரம்பு உண்டு என்பதால், பெட்ரோல் கூடினால் குண்டு குறையும்.

இந்தப் பயணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பீரங்கியையும் தேடுவிளக்கையும் இரவுச் சண்டை விமானத்தையும் முன்னால் நிறுத்துவார்கள். அவை கொன்றது உண்மை. ஆனால் ஒரு விமானம் அவற்றிடம் போய்ச் சிக்கியதா, விலகிச் சென்றதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது திரைக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கொளியில் உட்கார்ந்து வழியைக் கணித்த நேவிகேட்டரின் பென்சில். அந்தப் பென்சில் இரவெல்லாம் ஒரே கேள்வியைத்தான் துரத்தியது: இந்த உயரத்தில் இப்போது காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன வேகத்தில் அடிக்கிறது? 1944 மார்ச் கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்ட் ஒரே வாரத்துக்குள் சந்தித்த இரண்டு பேரிழப்புகளிலும் இந்தக் கேள்விக்கான தவறான விடைக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் குழு. மொத்தம் ஏழு பேர். விமானி ஒருவர்தான், பிரிட்டிஷ் கனரக விமானங்களில் துணை விமானி கிடையாது. அவருக்கு வலப்புறம் மடக்கு இருக்கையில் ஃப்ளைட் இன்ஜினியர். மூக்குப் பகுதியில் கவிழ்ந்து படுத்தபடி, குண்டைக் குறிபார்த்துப் போடும் பாம் எய்மர். விமானிக்குப் பின்னால் இடப்பக்கச் சுவரைப் பார்த்த மேசையில் நேவிகேட்டர். அடுத்து வயர்லெஸ் ஆபரேட்டர். முதுகுப்பக்கத் துப்பாக்கிக் கோபுரத்தில் ஒரு கன்னர், வால்முனைக் கோபுரத்தில் ஒரு கன்னர். வெப்பக்காற்றுக் குழாய் வயர்லெஸ் ஆபரேட்டரின் அருகே திறக்கும். அவருக்கு வியர்க்கும், அதே நேரத்தில் வால் கன்னருக்கு வெளியே மைனஸ் 30, 40 டிகிரி. மின்சாரத்தால் சூடாகும் உடுப்பு இருந்தாலும் ஒரு கம்பி அறுந்தால் போச்சு. பார்வைக்குத் தடையாக இருக்கிறதென்று முகத்துக்கு நேரே உள்ள பிளாஸ்டிக் கண்ணாடியையே பல கன்னர்கள் கழற்றிவிட்டார்கள். அதில் படியும் ஒரு எண்ணெய்த் துளி இருட்டில் எதிரி விமானமாகத் தெரியும், எதிரி விமானம் எண்ணெய்த் துளியாகத் தெரியும் என்பதால் அது வீண் துணிச்சல் அல்ல.

ஓடுபாதையில் லங்காஸ்டர் இடப்பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க விமானி இடது வெளி இன்ஜினின் விசையைக் கூட்டும் நெம்பான திராட்டிலை மற்றவற்றைவிடச் சற்று முன்னால் தள்ளியபடி வேகம் பிடிப்பார். வால் எழும்பி, திசைச்சுக்கானுக்குக் காற்றுப் பிடித்ததும் இன்ஜினியர் நான்கு திராட்டில்களையும் முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். நிமிடத்துக்கு 3,000 சுற்று. குண்டும் பெட்ரோலும் நிரம்பிய விமானத்தில் இந்த நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றால் பிழைப்பது அரிது. மேலே ஏறிய பிறகு இன்ஜினியரின் வேலை பெட்ரோல் கணக்கு. எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு போயிற்று என்று அளவுமானியை மட்டும் நம்பாமல், இன்ஜின் சுற்றையும், அதற்குள் செல்லும் காற்றின் அழுத்தமான பூஸ்ட்டையும் வைத்துக் கணித்து எழுதிக்கொண்டே வருவார். காலனுக்குச் சுமார் ஒரு மைல் என்பது பொதுக் கணக்கு. நுனித் தொட்டியின் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குப் போகாது. நடுத்தொட்டிக்கு மாற்றித்தான் எரிக்க முடியும். ஒரு தொட்டியில் ஓட்டை விழுந்தால், ஒழுகிப் போவதற்குள் அதிலிருந்தே எல்லா இன்ஜின்களுக்கும் ஊட்டிவிட வேண்டும். இடது வெளி இன்ஜின் நின்றுவிட்டால் வால் கோபுரத்தைச் சுழற்றும் ஹைட்ராலிக் அழுத்தமும் அதோடு போய்விடும். இவையெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

10,000 அடியில் ஆக்சிஜன். மூச்சின் ஈரம் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்வது வழக்கமான கோளாறு. ஆக்சிஜன் குறைந்தவருக்குத் தனக்குக் குறைகிறது என்று தெரியாது, உற்சாகமாகக்கூட இருப்பார். அதனால்தான் விமானி சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் இன்டர்காமில் கூப்பிட்டுப் பதில் வாங்குவார். பதில் வராவிட்டால் யாராவது கைச்சிலிண்டரோடு, இடுப்புயரத்துக்குக் குறுக்கே நிற்கும் இறக்கைத் தண்டைத் தாண்டி, இருட்டில் வால்பக்கம் ஊர்ந்து போக வேண்டும்.

இனி நேவிகேட்டரின் மேசைக்கு வருவோம். 20,000 அடியில் வேகமானி 160 மைல் காட்டினால், அங்கே காற்று அடர்த்தி குறைவென்பதால் உண்மையான வேகம் 220ஐ ஒட்டி இருக்கும். அந்த வேகத்தையும் திசைகாட்டியின் கோணத்தையும் வைத்து, காற்றே இல்லையென்றால் விமானம் எங்கே இருந்திருக்கும் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். பிறகு உண்மையில் எங்கே இருக்கிறோம் என்பதற்கு ஒரு புள்ளி. முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு இழுக்கும் கோடுதான் காற்று. கோட்டின் திசை காற்று தள்ளிய திசை. நீளத்தைக் கடந்த நேரத்தால் வகுத்தால் வேகம். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடம் எடுக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு நிமிடம் மணியில் பத்தில் ஒரு பங்கு என்பதால் வகுத்தல் எளிது. களைத்த மூளைக்கு அது பெரிய உதவி.

உண்மையான இருப்பிடம் எப்படிக் கிடைத்தது? 1942 மார்ச்சிலிருந்து பயன்பட்ட கருவி ஜீ. இங்கிலாந்தின் நிலையங்கள் அனுப்பும் வானொலித் துடிப்புகள் வந்து சேரும் நேர வேறுபாட்டை அளந்து இடம் சொல்லும். வட கடல்வரை அருமையாக வேலை செய்தது. எதிரியின் கரையைத் தாண்டியதும் ஜெர்மானியர் கிளப்பும் இரைச்சலில் திரை முழுக்கப் புல் முளைத்தாற்போல் ஆகிவிடும். அதற்குமேல், கீழே உள்ள தரையைத் திரையில் காட்டும் எச்2எஸ் ரேடார் வைத்திருந்த விமானங்களுக்குக் கொஞ்சம் வசதி. ஆற்று வளைவும் ஏரியும் திரையில் தெரியும். ஆனால் சின்ன ஊரையும் பெரிய ஊரையும் குழப்பிக்கொள்வது எளிது. நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளந்து இடம் கண்டுபிடிக்கும் செக்ஸ்டன்ட்டைப் பயன்படுத்த விமானம் ஆடாமல் நேராகப் பறக்க வேண்டும். எதிரி வானத்தில் அதற்கு எந்த விமானிக்கும் மனம் வராது. ஆக, இருப்பிடம் மிகத் தேவைப்படும் இடத்தில்தான் அது கிடைப்பது மிகக் கடினம்.

சிறு பிழை என்ன செய்யும் என்று பாருங்கள். குறுக்குக் காற்றை மணிக்கு 20 மைல் தவறாகக் கணித்தால், ஒரு மணி நேரத்தில் விமானம் வழியிலிருந்து 20 மைல் விலகியிருக்கும். அது பெரும்பாலான ஜெர்மன் நகரங்களின் அகலத்தைவிட அதிகம். முதுகுக்காற்றைக் குறைத்துக் கணித்தால் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேருவார்கள். வழிகாட்டி விமானங்கள் வண்ணக் குறிவெளிச்சங்களைப் போடுவதற்கு முன் இலக்கின் மேல் சுற்றிக்கொண்டிருப்பது தற்கொலை. அதற்கு நேரத்தை வீணாக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். வழியிலிருந்து 60 டிகிரி ஒருபக்கம் திரும்பி மூன்று நிமிடம், பிறகு 120 டிகிரி மறுபக்கம் திரும்பி மூன்று நிமிடம் பறந்தால் மறுபடி வழிக்கு வந்துவிடலாம். சமபக்க முக்கோணம், ஆறு நிமிடம் பறந்து மூன்று நிமிடத் தூரம்தான் முன்னேறியிருப்பார்கள். மூன்று நிமிடம் கழிந்தது. நூற்றுக்கணக்கான விமானங்கள் விளக்கில்லாமல் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும் நெரிசலில் குறுக்கே பறந்து செய்யும் வேலை இது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த நெரிசலே பாதுகாப்புக்காகத் திட்டமிட்டது. விமானங்கள் நெருங்கிப் பறந்தால் ஜெர்மன் ரேடார் வலையின் ஒவ்வொரு பகுதியும் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டை மட்டுமே கையாள முடியும், மற்றவை தப்பும். இந்தக் கூட்டத்தை ஒன்றாக வைத்திருக்க, எல்லோரும் ஒரே காற்றை வைத்துக் கணக்கிட வேண்டும். அதற்காகத் தேர்ந்த குழுக்கள் தாங்கள் கண்ட காற்றை வானொலியில் இங்கிலாந்துக்கு அனுப்பும். அங்கே சராசரி எடுத்து அரை மணிக்கு ஒருமுறை எல்லோருக்கும் திரும்ப ஒலிபரப்புவார்கள். தவறான காற்றானாலும் எல்லோருக்கும் ஒரே தவறாக இருந்தால் கூட்டம் சிதறாது என்பது கணக்கு. நல்ல ஏற்பாடுதான்.

1944 மார்ச் 24 இரவு பெர்லினுக்கு 811 விமானங்கள் கிளம்பின. வடக்கிலிருந்து மணிக்கு 100 மைலுக்கு மேல் காற்று. இன்று ஜெட் ஸ்ட்ரீம் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அன்று அந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. கணக்குப் போட்ட நேவிகேட்டர்களில் பலர் தம் விடையைத் தாமே நம்பாமல், எண்ணைக் குறைத்து அனுப்பினார்கள். தலைமையகத்தில் இருந்தவர்களும் அதை நம்பாமல் இன்னும் குறைத்து ஒலிபரப்பினார்கள். சரியாகக் கணித்தவர்கள்கூட உத்தரவுப்படி தவறான எண்ணைப் பயன்படுத்தினார்கள். கூட்டம் தெற்கே சிதறியது. திரும்பும் வழியில் தவிர்க்க வேண்டிய பீரங்கி வட்டாரங்களுக்கு மேலேயே பல விமானங்கள் தள்ளிச் செல்லப்பட்டன. இழப்பு 72. அவற்றில் ஏறத்தாழ 50 தரைப் பீரங்கிகளுக்கு இரையாகியிருக்கும் என்று கணித்தார்கள். இரவுச் சண்டை விமானங்களே அதிகம் கொன்ற அந்தக் காலத்தில் இது தலைகீழான விகிதம். காற்றுதான் அவர்களைப் பீரங்கிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆறு நாள் கழித்து, மார்ச் 30 இரவு, நியூரம்பெர்க். 572 லங்காஸ்டர், 214 ஹாலிஃபாக்ஸ் (இதுவும் கனரகக் குண்டுவீச்சு விமானம்), 9 மஸ்கிட்டோ (இலகுவான, வேகமான விமானம்), ஆக மொத்தம் 795. வழியில் பாதி நிலவு இருக்கும். மேகம் மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போட்டிருந்தார்கள். வானிலை பார்த்து வந்த மஸ்கிட்டோ, வழியில் மேகம் இருக்காது, இலக்கின் மேல் இருக்கலாம் என்று சொன்னது. தேவைக்கு நேர் எதிர். ஆனாலும் திட்டம் ரத்தாகவில்லை. பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா அருகிலிருந்து ஜெர்மனியின் ஃபுல்டா பக்கம் வரை 265 மைல், கிட்டத்தட்ட ஒரே நேர்கோடு. அந்தக் கோடு ஜெர்மன் இரவுச் சண்டை விமானங்கள் கூடிக் காத்திருந்த ஈடா, ஓட்டோ என்ற இரண்டு வானொலிக் கலங்கரைகளை ஒட்டியே போனது. குளிர்ந்த தெளிந்த காற்றில் வழக்கத்தைவிடத் தாழ்ந்த உயரத்திலேயே ஒவ்வொரு விமானத்தின் பின்னும் வெண்புகைத் தடம் விழுந்தது. நிலவொளியில் அந்தத் தடங்களைப் பின்தொடர ரேடாரே தேவைப்படவில்லை.

இங்கே கன்னர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால் கோபுரத்தின் நான்கு பிரௌனிங் துப்பாக்கிகள் .303 அங்குலம், எதிரே வருவது 20 மில்லிமீட்டர் பீரங்கி. சண்டை போட்டு வெல்வது நோக்கமே அல்ல. முதலில் பார்ப்பதுதான் கன்னரின் உண்மையான வேலை. இடப்பின்புறம் எதிரி தெரிந்தால் "கார்க்ஸ்குரூ போர்ட், கோ!" என்று கத்துவார். விமானி கேள்வி கேட்காமல் 45 டிகிரி இடப்பக்கம் சாய்த்து மூக்கைக் கவிழ்ப்பார். சில நொடிகளில் ஆயிரம் அடி இறக்கம், பாதியில் வலப்பக்கம் புரட்டல், பிறகு ஏற்றம், மறுபடி இடப்பக்கம். 30 டன் விமானம் மரைபோலச் சுழன்று போகும். பெரும்பாலும் எதிரி பார்வையிழந்து, தன்னைக் காணாத இன்னொரு விமானத்தைத் தேடிப் போய்விடுவான். ஆனால் நேவிகேட்டரின் மேசையில் பென்சிலும் அளவுகோலும் கூரைக்குப் பறந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் எந்தத் திசையில் எவ்வளவு போனோம் என்பதற்குப் பதிவே இருக்காது. உயிர் பிழைத்ததற்கு விலை இருப்பிடம்.

கீழிருந்து வந்த எதிரியிடம் இந்தச் சுழற்சியும் பலனளிக்கவில்லை. 1943 கோடையிலிருந்து ஜெர்மானியர் ஷ்ரேக மூசிக் என்ற ஏற்பாட்டைப் பொருத்தினார்கள். சண்டை விமானத்தின் முதுகிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்த பீரங்கிகள். லங்காஸ்டரின் வயிற்றுக்கு அடியில் எந்தக் கன்னருக்கும் பார்வை கிடையாது. அங்கே மெல்ல வந்து நின்று, குண்டறையைச் சுட்டால் தானும் சேர்ந்து வெடிப்போம் என்பதால், இன்ஜின்களுக்கு நடுவே பெட்ரோல் தொட்டியைக் குறிவைத்துச் சுடுவார்கள். ஒளித்தடம் காட்டாத குண்டுகள். பக்கத்து விமானத்தில் இருப்பவர்களுக்குத் திடீரென்று ஒரு தீக்கோளம்தான் தெரியும். இன்னொரு கொடுமை, வால் ரேடார் மோனிகா. எதிரி பின்னால் வந்தால் எச்சரிக்க வைத்த கருவியின் அலையையே பிடித்துக்கொண்டு எதிரி வந்தான். 1944 ஜூலை 13 அன்று யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் இரவுச் சண்டை விமானம் ஒன்று வழிதவறி இங்கிலாந்தின் உட்பிரிட்ஜ் தளத்தில் இறங்கியபோதுதான் இது உறுதியானது. மோனிகாவைக் கழற்றினார்கள். அதற்குள் எத்தனை வால்கள் எரிந்தன என்று எண்ணிப் பார்க்க மனம் கூசுகிறது.

நியூரம்பெர்க் வழியில் முன்னறிவிப்புக் காற்று ஒத்துவரவில்லை. கூட்டம் அகலமாகச் சிதறியது. திரும்ப வேண்டிய முனையைத் தவறவிட்டவர்களில் ஏறத்தாழ 120 விமானங்கள் 50 மைல் வடமேற்கே இருந்த ஷ்வைன்ஃபர்ட் மேல் குண்டு போட்டன. வழிகாட்டி விமானங்களே இரண்டு அங்கே குறிவெளிச்சம் போட்டிருந்தன.

சரியான இலக்கை அடைந்தவர்களையும் காற்று விடவில்லை. பாம் எய்மரின் மார்க் 14 குறிநோக்கியில் உயரம், வேகம், குண்டின் விழும் தன்மையோடு காற்றின் திசையையும் வேகத்தையும் அமைக்க வேண்டும். அந்த எண் வருவது அதே மேசையிலிருந்துதான். கடைசி ஓட்டத்தில் அவர் "லெஃப்ட், லெஃப்ட்" என்று இரண்டு முறையும், "ரைட்" என்று ஒருமுறை இழுத்தும் சொல்வார். இரைச்சலில் சொல் புரியாவிட்டாலும் எண்ணிக்கை புரியும். 4,000 பவுண்டு குக்கி குண்டு கழன்றதும் விமானம் மேலே துள்ளும். உடனே தப்பி ஓட முடியாது. குண்டு விழுந்த இடத்தைப் படமெடுக்க ஒளிக்குண்டு வெடிக்கும்வரை, அரை நிமிடத்தை ஒட்டி, ஆடாமல் நேராகப் பறக்க வேண்டும். அன்று நகரை அடர்ந்த மேகம் மூடியிருந்தது. கடைசி அணுகுமுறையில் எழுந்த பலத்த குறுக்குக் காற்றில் வழிகாட்டிகளின் குறிகள் கிழக்கே தள்ளி விழுந்தன. பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே போட்டதில், குண்டுகள் வடக்கே வயல்வெளிகளில் 10 மைல் நீளத்துக்குச் சிதறின. நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் இறந்தவர்கள் 69 பேர். பாம்பர் கமாண்ட் இழந்த விமானங்கள் 95. போர் முழுவதிலும் ஒரே இரவில் அதற்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு அதுதான்.

அந்த இரவில் நேவிகேட்டர் இல்லாமல் ஒரு விமானம் திரும்பியது. 578ஆம் ஸ்குவாட்ரனின் சிரில் பார்ட்டன் ஓட்டிய ஹாலிஃபாக்ஸ் இலக்குக்கு 70 மைல் முன்பே தாக்கப்பட்டது. இன்டர்காம் அறுந்தது. சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு நேவிகேட்டர், பாம் எய்மர், வயர்லெஸ் ஆபரேட்டர் மூவரும் குதித்துவிட்டார்கள். பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. பார்ட்டன் தொடர்ந்து போய்க் குண்டு போட்டுவிட்டு, காற்றையும் திசையையும் தன் ஊகத்தால் மட்டுமே சமாளித்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார். இங்கிலாந்துக் கரையைத் தொட்ட இடம் அவருடைய தளத்துக்கு 90 மைல் வடக்கே. பெட்ரோல் தீர்ந்து, வீடுகளை விலக்கி, சண்டர்லாந்து அருகே ரைஹோப்பில் விழுந்தார். அவர் இறந்தார், உடனிருந்த மூவர் பிழைத்தார்கள். பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். 90 மைல் பிழை என்பதைக் குறையாக யாரும் படிக்க வேண்டாம். அந்த நிலையில் தீவையே கண்டுபிடித்தது அசாத்தியம்.

திரும்பி வந்தாலும் முடியவில்லை. 1943 டிசம்பர் 16 இரவு பெர்லின் தாக்குதலில் 25 லங்காஸ்டர்கள் வீழ்ந்தன. வீடு திரும்பியவற்றில் மேலும் 29 விமானங்கள் மூடுபனியில் மோதியோ, இறங்க முடியாமல் குழுவினர் குதித்ததாலோ அழிந்தன. மிகப் பெரிய அடி வாங்கியது 97ஆம் ஸ்குவாட்ரன். அதன் பெயரில் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் சேர்ந்திருக்கும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பகுதி. அதேபோல் வழிகாட்டிப் படையின் தொடக்க ஸ்குவாட்ரன்களில் ஒன்றான 35க்கு மெட்ராஸ் பிரெசிடென்சி என்று பெயர். போர் நிதி கொடுத்த பகுதிகளின் பெயரை இப்படிச் சூட்டினார்கள். ஓடுபாதையின் இருபுறமும் குழாயில் பெட்ரோலை எரித்துப் பனியை விலக்கும் ஃபைடோ முறை போர்ப்பயணத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது இந்த 35இன் கிரேவ்லி தளத்தில்தான், 1943 நவம்பரில்.

வெளியே குதிப்பதும் எளிதல்ல. மூக்கின் அடியில் உள்ள தப்பும் வாயில் லங்காஸ்டரில் 22 அங்குல அகலம், ஹாலிஃபாக்ஸில் 24. கம்பளியும் பாராசூட் பட்டையும் அணிந்தவருக்கு அந்த இரண்டு அங்குலம் உயிர். வீழ்ந்த ஹாலிஃபாக்ஸ்களிலிருந்து பிழைத்தவர்களின் விகிதம் லங்காஸ்டரைவிடத் தெளிவாகவே அதிகம். பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் அப்போது இளைஞராக வேலை பார்த்த இயற்பியலர் ஃப்ரீமன் டைசன் இதைப் பின்னாளில் வேதனையோடு எழுதினார். வாயிலை அகலப்படுத்தியிருக்கலாம். என்னால் மன்னிக்க முடியாத அலட்சியம் இது.

ஒரு குழுவுக்கு 30 பயணம் ஒரு சுற்று. பயணத்துக்கு நூற்றுக்கு ஐந்து இழப்பு என்றால், 30 முடிப்பவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான். போர் முழுவதும் பாம்பர் கமாண்டில் பறந்த 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள்.

1945 ஜனவரி 2 இரவு அவர்கள் மறுபடி நியூரம்பெர்க் போனார்கள். அன்றும் நிலவு, ஏறக்குறைய முழுநிலவு. ஆனால் பிரான்ஸ் கைமாறியிருந்ததால் ஜெர்மனியின் முன்னெச்சரிக்கை ரேடார்கள் பறிபோயிருந்தன. சண்டை விமானங்களுக்குப் பெட்ரோல் இல்லை. ஐரோப்பிய மண்ணிலேயே நிறுவிய ஜீ நிலையங்களால் நேவிகேட்டர்களுக்கு உள்நாடுவரை இருப்பிடமும், அதனால் காற்றும் கிடைத்தது. வானம் தெளிவாக இருந்தது, குறிகள் சரியாக விழுந்தன. நகரின் மேல் இழந்தது நான்கே லங்காஸ்டர்கள். கோட்டை, நகரமன்றம், ஏறக்குறைய எல்லாத் தேவாலயங்கள், சுமார் 2,000 இடைக்கால வீடுகள் எரிந்தன. இறந்த நகரவாசிகள் 1,800க்கும் மேல்.